மல்லாட்டை மூட்டை என்ன போச்சு? – ஏஐ ஏஜென்ட்டுக்கு டூல் விளக்கம் எழுதுவது பற்றி

"திண்டிவனம் கமிட்டியில இன்னிக்கு மல்லாட்டை மூட்டை என்ன போச்சு?"

ஏழே வார்த்தை. விழுப்புரம் மாவட்டத்தில் விவசாயக் குடும்பங்களோடு கொஞ்சம் பழக்கம் இருந்தால் போதும், இந்தக் கேள்வி முழுசாகப் புரிந்துவிடும். கமிட்டி என்றால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, அதையே செய்தித்தாளில் மணிலா என்று போடுவார்கள். மூட்டை என்றால் மணிலாவுக்கு ஒரு கணக்கு, நெல்லுக்கு வேறு கணக்கு. "என்ன போச்சு" என்றால் ஏலத்தில் என்ன விலைக்கு விற்றது என்று அர்த்தம். இதில் எதையும் யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்வதில்லை.

இதே கேள்வியை ஒரு ஏஐ ஏஜென்ட்டிடம் கேட்டால் அது எங்கேயோ இருக்கும் ஒரு வெப் ஏபிஐயைக் கூப்பிட்டு விலையை எடுத்து வந்து தமிழில் பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிடும். அது சரியான விலையா என்பது பெரும்பாலும் நாம் எழுதிக் கொடுத்த நாலு வரி டூல் விளக்கத்தைப் பொறுத்தது. அந்த நாலு வரியை எப்படி எழுதுவது என்பதுதான் இந்தக் குறிப்பு. ப்ரோகிராமிங் தெரியாதவர்களும் படிக்கலாம். கோடு ஒரு வரிகூட கிடையாது.

ஏஜென்ட் எதைப் பார்க்கிறது?

முதலில் அடிப்படை. ஒரு மொழி மாடலுக்குத் தானாக இணையத்துக்குப் போய் எதையும் எடுத்து வரத் தெரியாது. நாம்தான் அதற்கு டூல்களைக் கொடுக்கிறோம். ஒவ்வொரு டூலுக்கும் மூன்று விஷயங்கள் உண்டு: ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், அதற்கு என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற பாராமீட்டர் பட்டியல். பயனரின் கேள்வியோடு சேர்த்து இந்த மூன்றும் மாடலுக்கு அனுப்பப்படும். மாடல் அதைப் படித்துவிட்டு, "இந்த டூலை இந்த மதிப்புகளோடு கூப்பிடு" என்று ஜேசன் வடிவத்தில் எழுதித் தரும். நம் ப்ரோகிராம் அதை வாங்கி, நிஜமான ஏபிஐயைக் கூப்பிட்டு, வந்த பதிலை மறுபடி மாடலிடம் கொடுக்கும். மாடல் அதைப் பார்த்துப் பயனருக்குப் பதில் எழுதும்.

ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் தன் ஏபிஐயில் இந்த வசதியைக் கொண்டு வந்தது. மற்ற நிறுவனங்களும் கிட்டத்தட்ட இதே வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி என்ற பொது விதிமுறையிலும் டூல் என்பது இதே பெயர், விளக்கம், பாராமீட்டர்தான்.

கவனிக்க வேண்டியது என்னன்னா, மாடல் நம் கோடைப் பார்ப்பதில்லை. ஏபிஐயின் டேட்டாபேஸைப் பார்ப்பதில்லை. நம்ம ஊரையும் பார்த்ததில்லை. ஒரு புது டெவலப்பருக்கு டாக்குமெண்டேஷன் புரியவில்லை என்றால் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்பார், ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்ப்பார், சந்தேகம் வந்தால் நிறுத்துவார். மாடலுக்கு அந்த விளக்கம் மட்டும்தான். அதில் இல்லாததைத் தன் பொது அறிவிலிருந்து நிரப்பிக்கொண்டு போய்விடும். நிரப்பியது எது, விளக்கத்தில் இருந்தது எது என்று பதிலைப் படிப்பவருக்குத் தெரியாது.

எடுத்துக்கொள்ளும் உதாரணம்

நிஜமான ஒரு ஏபிஐயை வைத்தே பேசுவோம். மத்திய அரசின் அக்மார்க்நெட் நாடு முழுக்க உள்ள மண்டிகளின் தினசரி விலையைத் திரட்டுகிறது. அந்தத் தகவலை அரசின் திறந்த தரவுத் தளம் ஒரு ஏபிஐயாகத் தருகிறது. மாநிலம், மாவட்டம், சந்தை, சரக்கு, ரகம், வரத்து தேதி, குறைந்த விலை, அதிக விலை, மோடல் விலை என்று ஒவ்வொரு வரியிலும் விவரம் இருக்கும். யார் வேண்டுமானாலும் பதிவு செய்து ஒரு சாவி வாங்கி இலவசமாகப் பயன்படுத்தலாம். நல்ல விஷயம்.

இதற்கு ஒரு டூல் செய்யச் சொன்னால் பெரும்பாலோர் எழுதும் விளக்கம் இப்படி இருக்கும்:

"மண்டி விலைகளைத் தரும். உள்ளீடு: மாவட்டம், சந்தை, சரக்கு, தேதி."

இதில் பொய் எதுவும் இல்லை. ஏபிஐயை ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்கு இது போதும். மேலே சொன்ன ஏழு வார்த்தைக் கேள்வியோடு ஒரு ஏஜென்ட் இதற்குள் நுழைந்தால் எங்கெல்லாம் தடுக்கி விழும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சரக்கின் பெயர்

மல்லாட்டை, மணிலா, வேர்க்கடலை, நிலக்கடலை, கடலை என்று ஒரே பொருளுக்கு நம்மிடம் ஐந்து பெயர். பட்டியலில் இருப்பது ஆங்கிலத்தில் கிரவுண்ட்நட். இதோடு முடிந்தால் பரவாயில்லை. தோலோடு இருக்கும் காய் தனிப் பெயரில், விதைக் கடலை தனிப் பெயரில், எண்ணெய் தனிப் பெயரில் இருக்கும். காய்க்கும் உரித்த பருப்புக்கும் விலை எங்கேயோ வித்தியாசம். எள்ளை எடுத்துக்கொண்டால் செசமம், செசமி, ஜிஞ்ஜெல்லி, தில் என நாலு பெயரையும் அடைப்புக்குறி போட்டு ஒன்றாகக் கட்டிய நீளமான ஒரு பெயர்தான் பட்டியலில் உண்டு. நெல்லுக்கும் அப்படித்தான்: பேடி, தான், காமன் மூன்றையும் ஒட்டிய பெயர்.

மாடல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், அடைப்புக்குறி எங்கே வரும், இடைவெளி எங்கே வராது என்று ஊகிக்க முடியாது. ஊகிக்க விடவும் கூடாது.

2. ஊரின் பெயர்

தமிழில் விழுப்புரம் என்று ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். ஆங்கிலத்துக்குப் போனால் ரயில்வேக்கு இரண்டு எல், ஒரு பி. மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்துக்கும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் ஒரு எல், இரண்டு பி. நம்ம 'ழ' படுத்தும் பாடு. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். ஆக, எந்த ஏபிஐ எந்த எழுத்துக்கூட்டலை வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. தப்பான எழுத்துக்கூட்டலைக் கொடுத்தால் எரர் வராது. பூஜ்யம் வரி வரும். "இன்று விழுப்புரத்தில் வரத்து இல்லை" என்று ஏஜென்ட் தன்னம்பிக்கையோடு சொல்லிவிடும்.

எல்லை மாறியதும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து விழுப்புரம் பிரிந்தது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. "பத்து வருஷமா விழுப்புரம் மாவட்டத்துல உளுந்து விலை எப்படி இருந்துச்சு?" என்று ஒருவர் கேட்டால், 2019க்கு முன்னாடி விழுப்புரம் என்பதில் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், உளுந்தூர்பேட்டை எல்லாம் அடக்கம். அதன் பிறகு கிடையாது. இது தெரியாமல் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் 2019இல் வரத்து திடீரென்று விழுந்த மாதிரி தெரியும். ஒரு வரி எழுதி வைத்தால் ஏஜென்ட் இதைப் பயனரிடம் சொல்லும். எழுதாவிட்டால் பருவமழை பொய்த்தது என்று காரணம் கண்டுபிடித்தாலும் கண்டுபிடிக்கும்.

3. அளவு

இதுதான் பணம் கைமாறும் இடம். ஏபிஐ தரும் விலை 100 கிலோ குவிண்டாலுக்கு. பதிலில் வெறும் எண் மட்டும் இருக்கும், பக்கத்தில் "குவிண்டாலுக்கு" என்று எழுதியிருக்காது. கேட்டவர் மூட்டைக் கணக்கில் கேட்கிறார். நெல்லுக்கு 75 கிலோ, மணிலாவுக்கு 80 கிலோ என்பது நம்ம பக்கத்தில் அதிகம் காதில் விழும் மூட்டைக் கணக்கு.

ஒரு பேச்சுக்கு மோடல் விலை 7,500 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 80 கிலோ மூட்டைக்கு அது 6,000 ரூபாய். அளவு தெரியாத ஏஜென்ட் "திண்டிவனத்தில் இன்று மல்லாட்டை மூட்டை 7,500 ரூபாய்" என்று அழகான தமிழில் சொல்லும். அதை நம்பியவர் தன் மூட்டைக்கு 6,000 கேட்கும் வியாபாரியிடம் கொடுக்க மாட்டார். ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து, வண்டி வாடகை கொடுத்துச் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி விழுப்புரத்துக்குக் கொண்டு போவார். அங்கேயும் அதே விலைதான் இருக்கும். வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, ஒரு நாள் வேலை எல்லாம் போச்சு. விளக்கத்தில் "விலை 100 கிலோவுக்கு ரூபாயில்" என்று ஒரு வரி விட்டுப்போனதன் விலை இது. அந்த விலையை டெவலப்பர் கொடுப்பதில்லை.

மோடல் விலை என்பதையும் விளக்கியாக வேண்டும். அது சராசரி அல்ல. அன்றைக்கு அதிகமாக எந்த விலையில் விற்றதோ அந்த விலை. அதிக விலையை மட்டும் எடுத்துச் சொல்வதும் தப்பான எதிர்பார்ப்பைக் கொடுக்கும்.

4. தேதி

இந்தத் தரவில் தேதி நாள்/மாதம்/வருடம் என்ற வரிசையில் வரும். மாடல்கள் அமெரிக்கப் பழக்கத்தையும் நிறைய படித்திருக்கின்றன. 04/03/2025 என்பது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ? 13ஆம் தேதிக்கு மேல் போனால் குழப்பம் தானாகவே தெரிந்துவிடும். அதற்கு முன்னால் இருந்தால் தெரியாமலே போய்விடும்.

"இன்னிக்கு" என்பதும் அவ்வளவு லேசு இல்லை. இன்று என்ன தேதி என்று சொல்லாவிட்டால் மாடலுக்குத் தெரியாது. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், நம் நேரம் நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை சர்வருக்கு முந்தைய நாள். விவசாயி ஐந்து மணிக்கு எழுந்து கேட்பார். மேலும் ஏலம் முடிந்து விலை தளத்தில் ஏறுவதற்கு நேரம் ஆகும். காலையில் "இன்னிக்கு" என்று கேட்பவருக்கு உண்மையில் வேண்டியது கடைசியாகப் பதிவான விலையும் அதன் தேதியும்தான்.

5. பத்து வரி

இந்த ஏபிஐயில் எத்தனை வரி வேண்டும் என்று சொல்லாவிட்டால் பத்து வரிதான் வரும். மாதிரிச் சாவியை வைத்துக்கொண்டு அதிகம் கேட்டாலும் பத்தைத் தாண்டாது. "தமிழ்நாட்டுல எங்க மணிலா அதிக விலைக்குப் போகுது?" என்ற கேள்விக்கு, முதல் பத்து வரியில் உள்ள சந்தைகளில் எது அதிகம் என்று பார்த்துவிட்டு, தமிழ்நாட்டிலேயே அதுதான் அதிகம் என்று ஏஜென்ட் அறிவிக்கும். பதிலில் மொத்தம் எத்தனை வரி என்ற எண்ணும் இருக்கும். அதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும்.

6. எதற்குப் பயன்படுத்தக் கூடாது

நெல் விலை என்று நம்ம ஊரில் கேட்டால் இரண்டு விதமான விலை உண்டு. ஒன்று, கமிட்டி ஏலத்தில் வியாபாரி கொடுக்கும் விலை. இன்னொன்று, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கிடைக்கும் விலை. இரண்டாவது, மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதார விலையோடு மாநில ஊக்கத்தொகை சேர்ந்தது. 2025-26 பருவத்துக்கு ஆதார விலை குவிண்டாலுக்குச் சாதா ரகம் 2,369, ஏ கிரேடு 2,389. இது ஏலத்தில் ஏறி இறங்குவதல்ல. மூன்றாவதாக உழவர் சந்தை. 1999இல் மதுரையில் ஆரம்பித்தது, அங்கே காய்கறி, கிலோ கணக்கு.

டூலுக்கு "கெட் பிரைஸ்" என்று பெயர் வைத்து, "விலையைத் தரும்" என்று விளக்கம் எழுதினால் இந்த மூன்றுக்கும் ஏஜென்ட் அதையே கூப்பிடும். ஒரு டூல் என்ன செய்யும் என்று எழுதுவதற்கு எவ்வளவு யோசிக்கிறோமோ, அது எதைச் செய்யாது என்று எழுதவும் அவ்வளவு யோசிக்க வேண்டும்.

இதே வகையில் எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று திண்டிவனத்திலேயே இருக்கிறது. டி.எம்.வி. என்ற மூன்று எழுத்து. ரயில்வேயில் அது திண்டிவனம் ஸ்டேஷனின் குறியீடு. விவசாயத்தில் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த வேர்க்கடலை, எள் ரகங்களின் பெயர். டி.எம்.வி. 2 என்ற கடலை ரகம் 1940இல் வெளியானது, டி.எம்.வி. 7 1967இல். உயிரியலில் அதே எழுத்துகள் புகையிலையைத் தாக்கும் ஒரு வைரஸைக் குறிக்கும். ஒரே ஏஜென்ட்டிடம் ரயில் டூலும் வேளாண் டூலும் இருந்து, "டி.எம்.வி. 7 இருக்கா?" என்று ஒருவர் கேட்டால் அது எந்தப் பக்கம் போகும்? ரயில் டூலின் விளக்கத்தில் "ஸ்டேஷன் குறியீடு மட்டும், பயிர் ரகத்துக்கு அல்ல" என்றும், விதை டூலின் விளக்கத்தில் "டி.எம்.வி. என்பதோடு எண் வந்தால் பயிர் ரகம்" என்றும் எழுதிவிட்டால் முடிந்தது.

திருத்தி எழுதிய விளக்கம்

மேலே பார்த்ததை எல்லாம் சேர்த்து அதே டூலுக்கு மறுபடி விளக்கம் எழுதினால் இப்படி வரும்:

"தமிழ்நாட்டின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விளைபொருள் விற்ற மொத்த விலையைத் தரும். பயனர்கள் இந்த இடத்தைக் 'கமிட்டி', 'கூடம்', 'மார்க்கெட் கமிட்டி' என்றும் சொல்வார்கள். நெல், வேர்க்கடலை, எள், உளுந்து போன்றவற்றின் ஏல விலையைக் கேட்கும்போது பயன்படுத்தவும்.

நேரடி நெல் கொள்முதல் நிலைய விலை, குறைந்தபட்ச ஆதார விலை, உழவர் சந்தை விலை, சில்லறைக் கடை விலை ஆகியவற்றுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். நாளைய விலையைக் கணிக்கவும் இதைப் பயன்படுத்த வேண்டாம்.

எல்லா விலையும் 100 கிலோவுக்கு ரூபாயில். மோடல் விலை என்பது அன்று அதிக அளவில் விற்ற விலை, சராசரி அல்ல. பயனர் மூட்டை விலை கேட்டால் மூட்டையின் எடையை உள்ளீட்டில் தரவும். எடை தெரியாவிட்டால் பயனரிடம் கேட்கவும்.

பதிலில் தேதி இருக்கும். அது இன்றைய தேதியாக இல்லாவிட்டால் எந்தத் தேதியின் விலை என்று பயனரிடம் சொல்லவும். 2019 நவம்பருக்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத் தரவில் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டமும் அடங்கும்."

முதல் விளக்கம் இரண்டு வரி. இது நாலு பத்தி. இதில் புதிதாகச் சேர்ந்தவற்றைப் பாருங்கள். அல்காரிதம் எதுவும் இல்லை. திண்டிவனம் கமிட்டி வாசலில் நிற்கும் யாரைக் கேட்டாலும் சொல்லக்கூடிய விஷயங்கள்தான் முக்கால்வாசி. ஊருக்கே தெரிந்தது என்பதாலேயே யாரும் எழுதி வைக்காத விஷயங்கள். டூல் விளக்கம் எழுதுவது என்றால் என்னைப் பொறுத்தவரை இவற்றைத் தேடிப் பிடித்து எழுதுவதுதான்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. முக்கியமான சில ஏபிஐகளில் டூலின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு, அடிக்கோடு மட்டும்தான் அனுமதி. விளக்கத்துக்கு அந்தத் தடை இல்லை, தமிழிலேயே எழுதலாம். ஆனால் அதே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் கூடுதல் டோக்கன் எடுக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் விளக்கம் முழுசாக மறுபடி போகும் என்பதால் செலவும் கூடும். விதிகளை ஆங்கிலத்தில் எழுதி, மல்லாட்டை, கமிட்டி போன்ற பயனர் வாயிலிருந்து வரும் சொற்களை மட்டும் தமிழ் எழுத்தில் சேர்ப்பது நல்ல நடுவழி.

எழுதுவதைவிட அடைப்பது நல்லது

விளக்கத்தில் எழுதிப் புரிய வைப்பதைவிட, தப்பே செய்ய முடியாதபடி பாராமீட்டரை அமைப்பது இன்னும் பலமானது. ஜப்பானியத் தொழிற்சாலைகளில் இதைப் போகா-யோகே என்பார்கள். டொயோட்டாவுக்கு ஆலோசகராக இருந்த ஷிகேயோ ஷிங்கோ பரப்பிய கருத்து. பாகத்தைத் தலைகீழாகப் பொருத்த முடியாதபடி அச்சையே வடிவமைத்துவிடுவது. நம்ம சிம் கார்டின் ஒரு மூலை வெட்டுப்பட்டிருப்பது இதே விஷயம்தான்.

ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதற்கு நல்ல உதாரணம் சொல்கிறார்கள். கோடு எழுதும் ஏஜென்ட் வேறொரு ஃபோல்டருக்குப் போன பிறகு, ஃபைலின் பாதி முகவரியைக் கொடுத்துத் தப்பு செய்துகொண்டே இருந்தது. முழு முகவரி கொடுத்தால்தான் டூல் ஏற்கும் என்று மாற்றினார்கள். பிரச்சினை தீர்ந்தது.

நம் டூலில் இதைச் செய்வது எளிது.

சரக்கு: வெறும் ஸ்ட்ரிங்காக விடாமல் அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலைக் கொடுங்கள். பட்டியலில் நாம் வைக்கும் பெயர் எளிமையாக இருக்கட்டும். அதை ஏபிஐயின் அடைப்புக்குறிப் பெயராக மாற்றுவது நம் கோடின் வேலை.

சந்தை: இதுவும் பட்டியல். எழுத்துக்கூட்டல் பிரச்சினை அப்படியே ஒழிந்துவிடும். பட்டியல் ரொம்ப நீளம் என்றால், ஊர்ப் பெயரைக் கொடுத்தால் சரியான சந்தைப் பெயரைத் தேடித் தரும் இன்னொரு சிறிய டூல் வைக்கலாம்.

தேதி: வருடம் முதலில் வரும் 2025-03-04 வடிவம் மட்டும், அல்லது "கடைசியாகப் பதிவானது" என்ற ஒரு தேர்வு. மற்றபடி இந்திய நேரக் கணக்கும் நாள்/மாத மாற்றமும் நம் கோடில்.

மூட்டை எடை: கிலோவில் ஓர் எண். 80 வந்தால் பெருக்கி வகுத்து மூட்டை விலையை நம் கோடே கணக்கிட்டுக் கொடுத்துவிடட்டும். பாராமீட்டரின் பெயரிலேயே கிலோ என்ற சொல் இருக்கட்டும்.

பதிலிலும் இதே கவனம் வேண்டும். "மோடல் பிரைஸ்: 7500" என்று அனுப்பாமல் "மோடல் விலை, குவிண்டாலுக்கு ரூபாய்: 7500" என்று அனுப்புங்கள். மாடல் பதில் எழுதும் நேரத்தில் விளக்கம் ரொம்ப மேலே போய்விட்டிருக்கும், எண்ணுக்குப் பக்கத்தில் அளவு இருந்தால் விட்டுப்போகாது.

எரரும் விளக்கம்தான்

டூல் தோற்றுப்போகும்போது வரும் செய்தியையும் மாடல்தான் படிக்கிறது. "400 பேட் ரிக்வெஸ்ட்" என்று வந்தால் அது என்ன செய்யும்? அதையே மறுபடி அனுப்பும், அல்லது கைவிட்டுவிட்டுத் தன் நினைவிலிருந்து ஒரு விலையைச் சொல்லும். இரண்டாவது ஆபத்தானது. அதற்குப் பதில் "மல்லாட்டை என்ற பெயர் பட்டியலில் இல்லை. கிரவுண்ட்நட் என்பதைப் பயன்படுத்தவும்" என்று வந்தால் அடுத்த முயற்சியிலேயே சரியாகிவிடும்.

பூஜ்யம் வரிக்கும் அர்த்தம் எழுத வேண்டும். கமிட்டி விடுமுறை, அன்று அந்தச் சரக்கு வரவில்லை, விலை இன்னும் ஏற்றப்படவில்லை, கேட்ட விதம் தப்பு என்று நாலு காரணம் இருக்கலாம். காலிப் பட்டியலைப் பார்த்தால் நாலும் ஒரே மாதிரிதான் தெரியும். "இந்தத் தேதிக்குப் பதிவு இல்லை. இதனால் வரத்து இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். கடைசிப் பதிவு இந்தத் தேதி" என்று திருப்பி அனுப்பினால், ஏஜென்ட்டும் பயனரிடம் அதையே சொல்லும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மாடலுக்கு ஒரு வழி செய்து கொடுப்பது நம் பொறுப்பு.

எவ்வளவு நீளம்?

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்று ஆரம்பித்தால் அதுவும் சிக்கல். விளக்கம் நீண்டால் செலவு கூடும், டூல்கள் ஐம்பது அறுபது ஆனால் எதைக் கூப்பிடுவது என்ற தடுமாற்றமும் கூடும். நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இது: இந்த வரி இல்லாவிட்டால், நம்ம ஊரைத் தெரியாத ஒரு புத்திசாலி தப்பு செய்வாரா? செய்வார் என்றால் வரி இருக்கட்டும். மாட்டார் என்றால் எடுத்துவிடலாம். "இந்த டூல் மிகவும் பயனுள்ளது" போன்ற விளம்பர வரிகள், ஏபிஐயின் வரலாறு, எந்தத் துறை நடத்துகிறது என்பது எல்லாம் இந்தச் சோதனையில் போய்விடும். அளவு, எல்லை, வழக்குச் சொல், எதற்கு அல்ல என்ற நாலும் நிற்கும்.

சோதித்துப் பார்ப்பது

விளக்கம் நன்றாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நமக்குத்தான் எல்லாம் தெரியுமே, எல்லாம் புரிகிற மாதிரியே இருக்கும். மனிதர்கள் நிஜமாகக் கேட்கும் கேள்விகளை இருபது முப்பது சேர்த்து வைத்துக்கொண்டு ஓட விடுங்கள். நான் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து சில:

"மணிலா இன்னிக்கு எவ்ளோ போச்சு, திண்டிவனமா விழுப்புரமா, எங்க எடுத்துட்டுப் போறது?"
"நெல்லு கமிட்டியில போடலாமா, கவர்மென்ட்டுக்கே போடலாமா?"
"எள்ளு போன வாரத்தைவிட ஏறிச்சா?"
"கத்திரிக்காய் என்ன விலை?"
"பொங்கல் அன்னிக்கு உளுந்து என்ன போச்சு?"

முதல் கேள்விக்கு டூலை இரண்டு முறை கூப்பிட வேண்டும். இரண்டாவதில் பாதிக்குத்தான் இந்த டூல் பதில் சொல்லும், அதை ஏஜென்ட் ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். நாலாவதற்கு இதைக் கூப்பிடவே கூடாது. ஐந்தாவதற்குப் பூஜ்யம் வரும் வாய்ப்பு அதிகம், அப்போது அது என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

சோதிக்கும்போது கடைசிப் பதிலை மட்டும் படிக்காதீர்கள். எந்த டூலை, எந்த மதிப்புகளோடு கூப்பிட்டது என்ற பதிவைப் பாருங்கள். தப்பான டூலைக் கூப்பிட்டும் தற்செயலாகச் சரியான பதில் வரலாம். அது அடுத்த முறை வராது. தப்பு எங்கே நடந்ததோ, அந்த இடத்துக்கு விளக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுமா, பாராமீட்டரை அடைக்க வேண்டுமா, எரர் செய்தியை மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்துவிட்டு, எல்லாக் கேள்விகளையும் மறுபடி ஓட விடுங்கள். ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று கெடும், இது எப்போதும் நடப்பதுதான்.

இன்னொரு சோதனைக்கு கம்ப்யூட்டரே வேண்டாம். விளக்கத்தை ஒரு தாளில் அச்செடுத்து, ஐடி வேலையில் இல்லாத, விவசாயமும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "இதை மட்டும் வைத்து இந்தக் கேள்விக்கு எந்தெந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?" என்று கேளுங்கள். அவர் எங்கே நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அங்கே ஒரு வரி குறைகிறது. மாடல் நிமிர்ந்து பார்க்காது, தானே எதையாவது எழுதிவிட்டுப் போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் தகவலைப் படித்துத் தரும் டூல்களுக்கு. எஸ்எம்எஸ் அனுப்புவது, முன்பதிவு செய்வது, பணம் செலுத்துவது போன்ற காரியம் செய்யும் டூல்களுக்கு விதிகள் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். அதில் தப்பு நடந்தால் திரும்பக் கேட்டுத் திருத்த முடியாது. அதைத் தனிக் குறிப்பாக எழுதுகிறேன். அதற்குள் உங்கள் ஊரில் இந்த மாதிரி ஏபிஐ எதையாவது கையாள்கிறீர்கள் என்றால், கேட்பவர்கள் என்ன சொல்லால் கேட்கிறார்கள், எந்த அளவில் கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். விளக்கத்தில் பாதி அந்த நோட்டிலிருந்தே கிடைத்துவிடும்.